நுரைத்த தொட்டி: ஒரு கடல் அட்டையும் ஒன்பது மீன்களும்

“டேய், தொட்டிக்குள்ள யாருடா சோப்புத் தண்ணி ஊத்துனது?”

சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் என் நண்பரின் அம்மா, ஒரு சனிக்கிழமை விடிகாலை ஐந்தேகாலுக்குக் கேட்ட கேள்வி இது. காபி போட எழுந்தவர், கூடத்து மூலையில் இருக்கும் நான்கடிப் பவளத் தொட்டியின் மேல் இரண்டு விரற்கடை உயரத்துக்கு வெள்ளை நுரை நிற்பதைப் பார்த்திருக்கிறார். கீழ் அலமாரியின் கதவிடுக்கு வழியாகவும் நுரை வழிந்து தரையில் ஓடிக்கொண்டிருந்தது. மகன் வந்து விளக்கைப் போட்டபோது மீன்கள் மணலில் கிடந்தன. அவர் எனக்குப் போன் செய்தது 5.40க்கு. “அண்ணே, எல்லாம் போச்சு” என்றார், வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

அம்மா கேட்டது தவறான கேள்வி இல்லை. சோப்பை யாரும் ஊற்றவில்லை, ஆனால் தண்ணீரில் சோப்பு இருந்தது. ஊற்றியது தொட்டிக்குள்ளேயே ஐந்து மாதமாக இருந்த ஒரு கறுப்புக் கடல் அட்டை (sea cucumber என்பார்களே, மணலில் கிடக்கும் மெத்தென்ற கடல் பிராணி). அன்று பார்த்ததையும், அப்புறம் இருவரும் உட்கார்ந்து பழைய படங்களையும் கணக்குகளையும் புரட்டிக் கண்டுபிடித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். நண்பரின் சம்மதத்தோடுதான், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் கடல் அட்டை எதுவானாலும் தொட்டியில் வைக்கக் கூடாது. 2001இல் எல்லாக் கடல் அட்டை இனங்களையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலி, யானை இருக்கும் பட்டியல் அது. பிடிப்பது, விற்பது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதே குற்றம். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் மூட்டை மூட்டையாகப் பிடிபடுவதாகச் செய்தியில் வருவது இதுதான். கீழே இருப்பது சிங்கப்பூர்த் தொட்டி ஒன்றின் கதை. நீங்கள் எங்கிருந்தாலும், கடைக்குப் போகும் முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போய்ப் பார்த்தபோது

செம்பவாங்கில் இருக்கும் என் வீட்டிலிருந்து இரண்டு இருபது லிட்டர் கேன்களில் என் தொட்டிக்காகக் கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீரையும், கையிருப்பில் இருந்த கார்பன் (தண்ணீரில் கலந்த நஞ்சை உறிஞ்சும் கரி) முழுவதையும் தூக்கிக்கொண்டு போய்ச் சேர 6.20 ஆகிவிட்டது. போகும் வழியில் போனில் சொன்னது ஒன்றே ஒன்று: ஸ்கிம்மரை (காற்றுக் குமிழியால் அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் கருவி) நிறுத்தாதே. அவர் தரை நனைகிறதே என்று அதற்குள் நிறுத்தியிருந்தார். நுரையோடு சேர்ந்து வெளியே போவதுதான் விஷம். அதன் நுரைக் கிண்ணத்தின் வடிகுழாயை ஒரு வாளிக்குள் விட்டு, மறுபடி ஓடவிடச் சொன்னேன்.

தொட்டியிலும், கீழ் அலமாரிக்குள் சம்ப் என்று சொல்லும் வடிகட்டித் தொட்டியிலுமாக மொத்தத் தண்ணீர் சுமார் 280 லிட்டர். அதில் இருந்த மீன்கள் பத்து: கோமாளி மீன் இரண்டு, மஞ்சள் டாங் ஒன்று, பச்சைக் குரோமிஸ் நான்கு, ராயல் கிராமா ஒன்று, ஃபயர்ஃபிஷ் ஒன்று, பாறையில் பாசி சுரண்டும் பிளென்னி ஒன்று. ஒன்பது செத்திருந்தன. செவுள் மூடிகள் விரிந்து, வாய் திறந்தபடி. பிளென்னி மட்டும் தண்ணீர் விழும் மூலையில், மேல்மட்டத்தில் ஒட்டிக்கொண்டு இரைத்துக்கொண்டிருந்தது. அதை முதலில் எடுத்துப் புதுத் தண்ணீரில், காற்றுக்கல் போட்ட வாளியில் விட்டோம்.

அப்புறம்தான் நிதானமாகப் பார்த்தேன். எனக்கு விசித்திரமாகப் பட்டது செத்தவை அல்ல, சாகாதவை. துப்புரவு இறால் இரண்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி மீசையை ஆட்டிக்கொண்டு செத்த டாங்கின் மேல் ஏறி நின்றன. துறவி நண்டுகள் நடந்தன. நத்தைகள் கண்ணாடியில் ஊர்ந்தன. பவளங்கள் சுருங்கியிருந்தன, ஆனால் சதை உரியவில்லை.

வழக்கமாகச் சந்தேகப்பட வேண்டியவற்றை இதுவே ஒதுக்கிவிட்டது. குளிரூட்டி நின்று தண்ணீர் சூடாகியிருந்தால் பவளம் முதலில் காட்டியிருக்கும். பார்த்தால் 26.2 டிகிரி. உப்படர்த்தி 1.025, வழக்கம் போல். அம்மோனியா லேசாகத் தெரிந்தது, ஒன்பது பிணங்கள் கிடக்கும் தண்ணீரில் அந்த அளவு வரத்தான் செய்யும். அதுவே கொன்றிருக்க வேண்டுமானால் நிறம் இன்னும் நன்றாக ஏறியிருக்க வேண்டும், இறாலும் மிஞ்சியிருக்காது. மீனை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொன்று, இறாலை விட்டுவிட்டு, கூடவே நுரையும் கிளப்பும் பொருள் எது என்று யோசித்தால் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை.

“அட்டை எங்கே?” என்றேன்.

இடது பக்க அலை பம்பில் இருந்தது. நீர் உறிஞ்சும் பள்ளங்களில் ஒன்றுக்குள் அதன் பின்பகுதி, உடம்பில் மூன்றில் ஒரு பங்கு, போய் மாட்டியிருந்தது. முன்பகுதி தண்ணீரில் தொங்கி இன்னும் மெதுவாக அசைந்தது. பம்பு இறுகி நின்றுபோயிருந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே விசிறித் தண்டைச் சுற்றி வெள்ளை இழைகள், மென்று துப்பிய பப்ளிகத்தை இழுத்துச் சுற்றின மாதிரி. நண்பர் பதற்றத்தில் வெறுங்கையால் பிடித்து இழுத்தார். இழை முன்கை முடியில் ஒட்டிக்கொண்டது. கழுவினாலும் போகவில்லை, கடைசியில் முடியோடு மழித்துத்தான் எடுத்தார். நீங்கள் செய்தால் கையுறை போட்டுச் செய்யுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். கண்ணில் பட்டால் கெடுதல் பெரிது.

அந்தப் பம்பின் மேல் ஒரு ஸ்பாஞ்ச் உறை இருந்திருக்க வேண்டும். வியாழன் இரவு கழுவிக் காயப் போட்டவர் திரும்ப மாட்ட மறந்துவிட்டார். துணி காயும் கம்பியில், கிளிப் போட்டு, காய்ந்து மொரமொரவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

சோப்பு எங்கிருந்து வந்தது

கடல் அட்டைக்கு ஓடு இல்லை, முள் இல்லை, ஓடவும் தெரியாது. தற்காப்புக்கு அதனிடம் இருப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று அந்த ஒட்டும் இழைகள். பிரெஞ்சு உயிரியலாளர் குவியே பெயரால் குவியேக் குழாய்கள் என்பார்கள். எல்லா இனத்துக்கும் இவை கிடையாது. இருப்பவை, சீண்டினால் பின்வாய் வழியாகப் பீய்ச்சும், பட்ட இடத்தில் பசையாகப் பிடித்துக்கொள்ளும். பின்வாய் என்பதால் சிரிக்க வேண்டாம், அது மூச்சு விடுவதும் அந்த வழியாகத்தான்.

இரண்டாவது, உடல் தோலிலும் இந்தக் குழாய்களிலும் இருக்கும் சபோனின். பூந்திக்கொட்டையை ஊறவைத்துத் தேய்த்தால் நுரை வருகிறதே, அதே குடும்பத்துப் பொருள். 1952இல் நியூயார்க்கில் ராஸ் நிக்ரெல்லி என்பவர் பஹாமாஸ் பகுதி அட்டை ஒன்றிலிருந்து இதைப் பிரித்து மீன்களைக் கொல்வதைக் காட்டி, ஹோலோதூரின் என்று பெயர் வைத்தார். அதற்கு ஓராண்டு முன்பே குவாம் தீவைப் பற்றி ஒரு குறிப்பு அச்சில் வந்திருந்தது: அங்குள்ளவர்கள் அட்டையை நசுக்கிப் பாறைக் குட்டைகளில் போட்டு, மயங்கி மிதக்கும் மீனை அள்ளுவார்களாம்.

நம் ஊரில் இறால் பண்ணை பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. குட்டையில் புகுந்துவிட்ட வேண்டாத மீன்களை ஒழிக்கத் தேயிலை விதைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றுவார்கள். மீன் சாகும், இறால் சாகாது. அதிலும் வேலை செய்வது சபோனின்தான். செல்லின் சவ்வில் இருக்கும் கொலஸ்டிராலைப் பற்றிக்கொண்டு சவ்வை ஓட்டை போடும் பொருள் அது. மீனுக்குச் செவுள் மெல்லியது, அதற்குள் ஓடும் சிவப்பணுக்கள் உடையக் கூடியவை. இறாலுக்குச் சிவப்பணுவே இல்லை. நண்பர் வீட்டு இறால்கள் செத்த டாங் மீனின் மேல் ஏறி நின்றதற்கு இதுதான் விளக்கம். சரி, அட்டை தன் விஷத்தில் தானே ஏன் சாகவில்லை? அதன் சவ்வில் கொலஸ்டிராலுக்குப் பதிலாகப் பெரும்பாலும் வேறு வகை ஸ்டீரால் இருக்கிறது. சாவி போட அங்கே பூட்டு இல்லை.

நடுவில் அம்மா ஒன்று கேட்டார்: “சீனப் புத்தாண்டுக்கு இதைத்தானே தம்பி வாங்கிச் சமைக்கிறாங்க? அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?” அதே ஜாதிதான். ஆனால் குடலை எடுத்து, பலமுறை வேகவைத்துக் காயவைத்து, மறுபடி நாள்கணக்கில் ஊறவைத்த பிறகே அது சட்டிக்கு வருகிறது. சபோனினில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். மிஞ்சுவதையும் நம் குடல் அவ்வளவாக உறிஞ்சாது. செவுள் வழியாக நேராக ரத்தத்துக்குப் போவது வேறு கதை.

அன்று செய்தது

பம்பை அப்படியே வெளியே எடுத்துவிட்டோம். அட்டையின் முன்பகுதியைத் தனி வாளியில் விட்டோம். அது மூன்றாம் நாள் கரைந்து செத்தது. பிணங்களை அள்ளினோம். அரைக் கிலோ கார்பனைத் துணிப்பைகளில் கட்டிச் சம்ப்பில் நீர் பாயும் இடத்தில் திணித்தோம். என் 40 லிட்டரும் அவர் கையிருப்பு 60 லிட்டருமாக நூறு லிட்டர் அன்றே மாற்றினோம். மறுநாள் இன்னொரு நூறு. கணக்குப் போட்டால் இரண்டு மாற்றத்துக்குப் பிறகும் பழைய தண்ணீர் நாற்பது சதவீதம் மிச்சம். அதனால்தான் தண்ணீர் மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. மிச்சத்தை இழுத்தது கார்பனும் ஸ்கிம்மரும்தான். கார்பனை இரண்டாம் நாளும் ஐந்தாம் நாளும் புதிதாக மாற்றினோம். நான்காம் நாள் சுத்தியல் பவளம் விரிந்தது. ஸ்கிம்மர் ஆறாம் நாள் வழக்கமான கரும்பச்சைக் குழம்புக்குத் திரும்பியது. பிளென்னியைப் பன்னிரண்டாம் நாள் தொட்டியில் விட்டோம்.

ஏன் ஏறியது

எல்லாரும் இங்கே “ஸ்பாஞ்ச் மறந்ததுதான் காரணம்” என்று ஃபைலை மூடிவிடுவார்கள். நண்பரும் அப்படித்தான் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் பட்டது. உறை இல்லாமல் இருந்தது இரண்டே இரவு. ஆனால் அந்தப் பிராணி பம்பு இருக்கும் உயரத்துக்கு ஏன் வந்தது?

இதற்கு அது என்ன இனம் என்று தெரிய வேண்டும். கடையில் கறுப்பு அட்டை என்று மட்டும் சொல்லி விற்றிருக்கிறார்கள். இந்தோ-பசிபிக் பகுதியில் அந்தப் பெயருக்குள் குறைந்தது இரண்டு இனம் அடங்கும். ஒன்று ஹோலோதூரியா ஆட்ரா. பட்டப்பகலில் வெட்டவெளி மணலில் கிடக்கும், உடம்பு முழுக்க மணலைப் பூசிக்கொண்டு, இடையிடையே வட்டவட்டமாக வெறும் தோல் தெரியும், தேய்த்தால் கையில் சிவப்புச் சாயம் ஒட்டும். ஒட்டும் இழை அதற்குக் கிடையாது. மற்றது ஹோலோதூரியா லூக்கோஸ்பைலோட்டா. நீளமானது, தொளதொளவென்று மெத்தென இருக்கும், மணல் பூசாது, இழை பீய்ச்சும். சிங்கப்பூர்க் கரைகளிலும் சாதாரணமாகத் தென்படும். அதன் அடையாளப் பழக்கம் ஒன்று உண்டு: பின்பகுதியைப் பாறைக்கு அடியில் பத்திரமாகச் செருகிக்கொண்டு, முன்பாதியை மட்டும் வெளியே நீட்டி, யானைத் துதிக்கை மாதிரி சுற்றுவட்ட மணலைத் துழாவும். பயந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பம்புத் தண்டில் இழை இருந்தது. நண்பரின் பழைய படங்களில் மணல் பூச்சு இல்லை, பாதி உடம்பு பாறைக்குள். ஆக இது இரண்டாவது.

அப்படிப்பட்ட பிராணி பாறையை முழுசாக விட்டுவிட்டுக் கண்ணாடி ஏறுவது சும்மா இல்லை. கடைசி இரண்டு வாரம் ஒவ்வொரு இரவும் ஏறியிருக்கிறது. “ஊர் சுத்திப் பாக்குதுன்னு நெனச்சேண்ணே” என்றார் நண்பர். போனில் இருந்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தோம். வாங்கிய வாரத்தில் வெளியே நீண்ட பகுதி என் கட்டைவிரலைவிடத் தடிமன். கடைசி மாதத்தில் சுண்டுவிரல். பட்டினி கிடந்தால் கடல் அட்டை செத்து விழாது, சுருங்கிக்கொண்டே போகும். தினமும் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது.

மணல் கணக்கையும் போட்டோம். ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவுத் திட்டில் ஆட்ரா அட்டைகளை வைத்துச் செய்து 2021இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒன்று நாளைக்குச் சராசரி 38 கிராம் மணலை உண்டு கழிப்பதாக வருகிறது. நம்முடையது வேறு இனம், உருவமும் சிறியது, ஆனாலும் ஓர் அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். ஐந்து மாதத்துக்கு ஆறு கிலோவை நெருங்கும். நண்பர் தொட்டியில் மணல் இரண்டு சென்டிமீட்டர்தான், பாறை மூடாத திறந்த இடத்தில் சுமார் பன்னிரண்டு கிலோ. மணல் தீர்ந்துவிடாது, மறுபடி மறுபடி தின்னலாம். ஆனால் அது உண்பது மணலை அல்ல, மணல்மேல் படியும் பாசிப் படலத்தையும் கழிவையும். அதை நண்பர் வாராவாரம் குழாய் போட்டு உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தார்! மணல் வெள்ளையாக இருக்கத்தான் அட்டையே வாங்கினார், அப்புறமும் குழாயை விடவில்லை. ஒரே இலையில் இரண்டு பேர் சாப்பிட்டிருக்கிறார்கள்.

ஆக என் கணிப்பு இது: பசி அதைப் பாறையிலிருந்து கிளப்பியது, உறையில்லாத பம்பு மேலே காத்திருந்தது. உறை இருந்திருந்தால் அன்று தப்பித்திருக்கும், அடுத்த சில மாதத்தில் ஏதோ ஒரு மூலையில் தேய்ந்து செத்திருக்கும்.

வைத்தே தீருவேன் என்பவர்களுக்கு

தொட்டி ஒரு வருடமாவது ஓடியிருக்கட்டும். மூன்றடிக்குக் குறைவான தொட்டியில் எந்த அட்டையும் வேண்டாம் என்பது என் கட்சி, நான்கடியே இந்த வகைக்குப் போதவில்லை என்று பார்த்தோம். மணலை உறிஞ்சுவதை நிறுத்துங்கள், அதன் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். மணல் பளிச்சென்று தெரிந்தால் சந்தோஷப்படாமல், கடற்பாசித் தாளைப் பொடித்து இரவில் அதன் இருப்பிடத்தருகே படியவிடுங்கள். மாதம் ஒருமுறை, அது முழுசாக நீண்டிருக்கும் நேரத்தில், ஒரே பாறையோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். மெலிகிறது என்று தெரிந்தால் பெரிய தொட்டிக்காரர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

பம்பு விஷயத்தில், “பள்ளம் சின்னதுதானே, உள்ளே போகாது” என்ற நினைப்புதான் ஆபத்து. அட்டையின் தோல் நினைத்தால் விறைக்கும், நினைத்தால் பிசைந்த மாவு மாதிரி இளகும். ஐந்து மில்லிமீட்டர் இடுக்கில் இரண்டு விரல் தடிமன் உடம்பு வழிந்து போய்விடும். அலை பம்பு, சம்ப்புக்கு நீர் இறங்கும் சீப்புப் பள்ளம், ஹீட்டர் இருந்தால் அதுவும், எல்லாவற்றுக்கும் உறை வேண்டும்.

வாங்கி வந்ததும் சொட்டுக் குழாயில் இரண்டு மூன்று மணி நேரம் எடுத்துத் தண்ணீர் பழக்குங்கள், உப்படர்த்தி சட்டென்று மாறினால் இதற்குத் தாங்காது. செம்பு கலந்த மீன் மருந்து தொட்டிப் பக்கமே வரக் கூடாது. அட்டை எதிலாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதைப் பிய்க்காதீர்கள். கடல் ஆப்பிள் என்று சிவப்பும் ஊதாவுமாக ஒன்று விற்பார்கள், கண்ணைப் பறிக்கும் அழகு. தண்ணீரில் மிதக்கும் நுண்ணுணவை வடித்து உண்பது, வீட்டுத் தொட்டியில் அநேகமாகப் பட்டினியில்தான் சாகும், விஷமும் உண்டு. அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். எத்தனையோ தொட்டிகளில் அட்டை செத்து, நாறி, ஒன்றுமே ஆகாமல் போயிருக்கிறது. என் தொட்டியிலேயே ஓர் ஆட்ரா நாலு வருடமாக இருக்கிறது. விஷ குண்டு என்று பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் அரைக் கிலோ கார்பனும், தொட்டியின் கால்வாசி அளவுக்குக் கலந்த உப்புத் தண்ணீரும் எப்போதும் கையில் இல்லாத வீட்டில் இது வேண்டாம்.

இரண்டு மாதம் கழித்து நண்பர் இரண்டு கோமாளி மீன் மட்டும் வாங்கி விட்டார். அட்டை வாங்கவில்லை. பம்பு உறை இப்போது இரண்டு ஜோடி வைத்திருக்கிறார், ஒன்று கம்பியில் காய்ந்தால் மற்றது பம்பில். காலையில் காபி போடும் முன் அம்மா கம்பியில் தொங்குவதை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போகிறாராம்.